எழுந்தா இடம் போச்சு

அக்கா ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அவளை எழுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கல்யாண வீடுகளில் வரிசையின் ஓரத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள். உள்ளே போக வேண்டியவர்கள் அவள் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். பஸ்ஸிலும் அப்படித்தான். ஒருமுறை செங்கல்பட்டு பஸ்ஸில் அவளுக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் இருந்தவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அக்கா எழவில்லை. காலை மட்டும் ஒரு சாண் ஒதுக்கிக் கொடுத்தாள். அந்த மனிதர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, தாண்டிக் குதித்து, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு இறங்கினார். அக்கா என் பக்கம் திரும்பி, "எழுந்தா இடம் போச்சு" என்றாள். பஸ்ஸில் பாதி சீட்டு காலியாக இருந்தது.

அவளுக்கு அப்போது ஐம்பதை ஒட்டி வயது. பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரிலும் பாதிப் பேர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "அடை" என்பார்கள். அடைகாக்கும் கோழியை வைத்துச் சொன்ன பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் அவள் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கோழியை மட்டமாக நினைப்பவர்கள்தானே அதற்குக் கோபப்பட வேண்டும்.

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊர் அது. தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான கையோடு நான் அங்கே குடிபோனேன். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் என்று வாடகைக்கு எடுத்த வீடு. வீட்டுக்காரர் அக்காவின் தம்பி, செங்கல்பட்டில் ஓர் அரிசி மண்டியில் கணக்குப் பார்த்தார். முன் போர்ஷனில் நாங்கள், பின் போர்ஷனில் தம்பியும் அவர் மனைவியும் பிள்ளைகளும். அதற்கும் பின்னால், கிணற்றைத் தாண்டி, காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். பனங்கட்டைத் தூண்கள், கீற்றுக் கூரை, இடுப்பு உயர மண்சுவர். அதில் பாதி கோழிகளுக்கு, பாதி அக்காவுக்கு. நடுவே ஒரு மூங்கில் தட்டி.

எனக்கு முதலில் அந்தச் சாய்ப்பின்மேல் எரிச்சல்தான் இருந்தது. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பாத்ரூம். இன்னொன்று கட்டிக் கொடுங்கள் என்று வந்த மாதத்திலிருந்து நச்சரித்தேன். தம்பி மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டுவதற்கு இருந்த இடம் அந்தச் சாய்ப்பு ஒன்றுதான். அக்காவைக் கூடத்தில் வந்து படுத்துக்கொள்ளும்படி அவர் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார். அவர் மனைவியும் கூப்பிட்டிருக்கிறாள். இருவரும் நல்ல மனிதர்கள், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் யாரையாவது கெட்டவராக்கிவிட்டால் மனது லேசாகிவிடும். எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

அக்கா ஏன் போகவில்லை என்பதை ஒரு நாள் கிணற்றடியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள். அவளை மதுராந்தகம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சேதி வந்தபோது, போய்ப் பார்த்துவிட்டு வா, பத்து நாளில் வந்துவிடலாம் என்று அவர்களே பஸ் ஏற்றிவிட்டார்கள். திரும்பிப் போனபோது, அவள் பாய் விரிக்கும் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். யாரும் அக்காவைப் போ என்று சொல்லவில்லை. மாமியார் வா, உட்காரு என்றுதான் சொன்னாளாம்.

"எங்க ஒக்கார்றது, தங்கச்சி? எடமே இல்லியே" என்றாள் அக்கா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்கியே நின்னுகினு இருந்தேன். அப்புறம் பொட்டிய தூக்கிகினு வந்துட்டேன்."

இங்கே வந்தவளுக்கு அவள் அப்பா கையோடு இறக்கிக் கொடுத்த சாய்ப்பு அது. அப்பா செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த இடம் அவளுக்கென்று வாய்வார்த்தையாகச் சொன்னதோடு சரி.

ஆனால் அந்தச் சாய்ப்பில் உட்கார்ந்தபடியே அவள் ஊர் முழுக்க நடமாடிக்கொண்டிருந்தாள். கோழிகள் வழியாக. யார் வீட்டிலாவது கோழி முட்டைகளை இட்டுவிட்டு அடை உட்காராமல் சுற்றினால், அக்காவிடம்தான் வருவார்கள். அவள் கோழிகள் அவளைப் போலவே உட்கார்ந்தால் எழாதவை. அடைக்கோழியை இரவல் கொடுப்பாள், அதுவும் அதன் கூடையோடு. மூங்கில் கூடைக்குள் மணல் கொட்டி, வைக்கோல் பரப்பி, இடி இடித்தால் முட்டை கலங்காமலிருக்க ஒரு துண்டு இரும்பும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தருவாள். அந்த வீட்டு முட்டைகளை அவள் கோழி பொரித்துக் கொடுக்கும். குஞ்சுகள் தானாக மேயத் தொடங்கியதும் கோழியும் கூடையும் திரும்பி வரும், கூடவே ஒரு குஞ்சும். கூடையை வெறுமனே கொண்டுவரக் கூடாது என்பது வழக்கம். இரண்டு கத்தரிக்காயாவது, ஒரு பிடி வேர்க்கடலையாவது அதில் கிடக்கும்.

எங்களிடமே நல்ல கூடை இருக்கிறது, கோழியை மட்டும் கொடு என்று சிலர் கேட்பார்கள். அக்கா ஒப்புக்கொள்ள மாட்டாள். "அதோட கூடையிலதான் அது ஒக்காரும். வேற கூடைன்னா அதுக்கு வேத்து வூடு. எழுந்துடும்" என்பாள். இதில் அவளோடு யாரும் வாதாட முடியாது. கைராசிக்காரி என்று ஊருக்குள் பெயர் இருந்தது. வாசலில் யாராவது வந்து "யக்கா, ஒரு கோழி வேணும்" என்று நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவு அழகான முகத்தை அந்த ஊரில் நான் பார்க்கவில்லை.

நாங்கள் போன அடுத்த கோடையில் கோழிகள் சாகத் தொடங்கின. முதலில் குஞ்சுகள், பிறகு பெரிய கோழிகள். இறக்கை தொங்கிப்போய் ஓர் ஓரமாக நிற்கும், கொண்டை வெளுக்கும், பச்சையாகக் கழியும், கால் இழுத்துக்கொள்ளும், செத்துவிடும். வருஷா வருஷம் வருகிற கழிச்சல்தான் என்று முதலில் நினைத்தார்கள். பிறகுதான் யாரோ யோசித்துப் பார்த்திருக்கிறார்கள். செத்ததெல்லாம் அக்காவின் அடைக்கோழி போய்வந்த வீடுகளில். அக்காவின் கோழிகளோ கிணற்றடியில் குப்பையைக் கிளறிக்கொண்டு கொழுகொழுவென்று திரிந்தன.

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கிணற்றடிக்கே வந்துவிட்டாள். "எங்க வூட்ல ஒன்னு மீதி இல்ல. உன் கோழி மட்டும் எப்டி நல்லா கீது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஊர் தானாகவே ஒரு பதில் வைத்திருந்தது. கைராசி என்று சொன்ன அதே வாய்கள் வேறொன்றைச் சொல்லத் தொடங்கின. சின்னப் பிள்ளைகளை அவள் வாசல் பக்கம் விடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்தான் அக்காவை இழுத்துக்கொண்டு, கால் இழுத்துக்கிடந்த பக்கத்து வீட்டுக் கோழி ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, டவுனிலிருந்த கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் இளவயதுக்காரர். இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, உள்ளே போய் வெகுநேரம் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். மெல்லிய சுருள் கம்பிகள் போல ஏதோ தெரிந்தது. கழிச்சல் இல்லை, இது உண்ணிக் காய்ச்சல் என்றார். மறுநாள் தானே ஸ்கூட்டரில் வந்துவிட்டார்.

வந்தவர் கோழிகளைப் பார்க்கவில்லை, தூணைப் பார்த்தார். ஸ்கூட்டரிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து பனங்கட்டையின் வெடிப்பில் விட்டு நெம்பினார். ஒரு பத்தை பெயர்ந்து விழுந்தது. உள்ளே தட்டையாக, சாம்பலும் பழுப்புமாக, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு உண்ணிகள். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. பிறகு ஒரு கூடையை எடுத்துப் பழைய பேப்பரின்மேல் தட்டினார். மூங்கில் பின்னலுக்குள்ளிருந்து அதே தட்டைப் பூச்சிகள் உதிர்ந்து, மெதுவாகக் காலை விரித்து, வெளிச்சம் இல்லாத பக்கமாக நகர்ந்தன.

அவர் பொறுமையாக விளக்கினார். இந்த உண்ணி மாட்டு உண்ணி போல உடம்பிலேயே தொங்கிக்கொண்டிருக்காது. குஞ்சாக இருக்கும்போதுதான் கோழி உடம்பில் சில நாள் ஒட்டிக் கிடக்கும். வளர்ந்தபின் பகலெல்லாம் இடுக்கில் ஒளிந்திருக்கும், இருட்டியதும் வந்து கொஞ்ச நேரம் ரத்தம் குடித்துவிட்டுத் திரும்ப இடுக்குக்குள் போய்விடும். அதனால்தான் பகலில் எந்தக் கோழியைப் பிடித்துப் பார்த்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. அக்காவின் கோழிகள் எப்போதோ காய்ச்சல் வந்து பிழைத்தவை, ஆகவே அவற்றுக்கு இனி ஒன்றும் ஆகாது. கிருமி கோழியை விட்டுப் போனாலும் உண்ணியை விட்டுப் போகாது. அது இடும் முட்டைக்குள்ளும் போய்விடும், பொரிக்கிற குஞ்சு உண்ணியே கிருமியோடுதான் பொரிக்கும். ஊரெல்லாம் பரவியது கோழியால் இல்லை, கூடையால்.

அக்கா கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையை அதன் விளிம்பிலிருந்து எடுக்கவில்லை.

நான் பயந்துபோய் மனிதர்களுக்கு வருமா என்று கேட்டேன். இது வராது என்றார் டாக்டர். மனிதர்களுக்கு இதே வகையில் ஒரு காய்ச்சல் உண்டு, அதைக் கொண்டுவருவது வேறு உண்ணி, நம் பக்கத்தில் அது இல்லை. அந்தக் காய்ச்சல் சில நாள் அடித்துப்போட்டுவிட்டுப் போய்விடும். ஆள் எழுந்து குளித்து வேலைக்குப் போவான். பிறகு திரும்ப வரும். கிருமி சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவதால் உடம்புக்கு அடையாளம் தெரியாது. இப்படி மறுபடி மறுபடி.

அக்கா கேட்டாள். "போயிட்டு போயிட்டு வருதுன்னா, முழுசா எப்போ போச்சுன்னு எப்டி தெரியும், சார்?"

டாக்டர் சிரித்தார். "திரும்ப வராமலே இருந்தா தெரியும்மா" என்றார்.

கடைசியில் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கூடைகளையெல்லாம் கொளுத்துங்கள், இந்தச் சாய்ப்பையும் பிரித்துக் கொளுத்துங்கள். மருந்து அடிக்கலாம், ஆனால் பனங்கட்டையின் உள்ளே வரை போகாது. நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவர் சந்தோஷப்படவில்லை. ஆனால் கடப்பாரை எங்கே கிடக்கிறது என்று யோசிக்கிற முகமாக இருந்தது. "கொளுத்திட்டு உனக்குப் புதுசா போட்டுக் குடுக்கறேன்கா. பத்து நாள் வேலைதான்" என்றார். வேறு எண்ணிக்கை எதையாவது சொல்லியிருக்கலாம்.

"அங்கயும் பத்து நாள்னுதான் சொன்னாங்க" என்றாள் அக்கா.

உண்ணி பட்டினி கிடந்தால் செத்துவிடாதா என்று டாக்டரைக் கேட்டாள். செத்துவிடும், ஆனால் ஒரு வருஷம் ஆகலாம், இரண்டுக்கு மேலும் ஆகலாம், சோறு தண்ணி இல்லாமல் அப்படியே இடுக்கில் கிடக்கும் என்றார் அவர். அக்கா தலையை ஆட்டினாள். யார் அதிக நாள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம் என்றால், அவளுக்கு அதில் பயமில்லை.

கூடைகளைக் கொளுத்தினார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு கொளுத்தினார்கள், அன்று முழுக்கத் தெருவில் மூங்கில் புகை. அக்காவின் கோழிகள் சந்தைக்குப் போயின. தம்பி சைக்கிளில் கட்டிக்கொண்டு போனபோது அவள் வாசலுக்கு வரவில்லை. சாய்ப்புக்கு இரண்டு முறை மருந்து அடித்து, வெடிப்புகளில் சுண்ணாம்பைக் குழைத்து அப்பினாள். பிறகு கோழிகள் இல்லாத அந்தச் சாய்ப்பில், தட்டிக்கு இந்தப் பக்கம் தன் பாயை விரித்து, உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் எங்கேயும் போகவில்லை. கல்யாணங்களுக்கு இல்லை, கோயிலுக்கு இல்லை. அவள் நகர்ந்தால் தம்பி இடித்துவிடுவார் என்று உண்மையாகவே நம்பினாள். தம்பி எவ்வளவோ சத்தியம் செய்தார். எனக்கும்கூட அந்தச் சத்தியத்தில் முழு நம்பிக்கை இருந்தது என்று சொல்ல மாட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் காலி இடத்தைப் பார்த்தால் எந்த நல்ல மனிதருக்கும் ஒரு யோசனை வரும்.

அப்போதெல்லாம் சாயம் போட்ட கோழிக்குஞ்சுகளைச் சைக்கிளில் கூடை கட்டி விற்றுக்கொண்டு வருவார்கள். ரோஸ், பச்சை, ஊதா என்று அவை கீச்கீச்சென்று கத்தும். ஒரு வருஷம் தாண்டியதும் அக்கா ஒரு ரோஸ் குஞ்சை வாங்கிச் சாய்ப்புத் தூணில் காலைக் கட்டிவிட்டாள். உண்ணி செத்துவிட்டதா என்று பார்க்கத்தான், என்றாள். ஒரு வாரத்தில் அது இறக்கையைத் தொங்கவிட்டது. பச்சையாகக் கழிந்து செத்தது. அக்கா கிணற்றுக்குப் பின்னால் குழி தோண்டினாள். அடுத்த வருஷம் ஒரு பச்சைக் குஞ்சு. அதுவும் செத்தது. வீட்டுப் பிள்ளைகள் அதற்குப் பெயரெல்லாம் வைத்திருந்தார்கள், ஒரே அழுகை. நானும் அழுதேன். அப்போது நான் மாசமாக இருந்தேன், எதற்கெடுத்தாலும் அழுகை வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது குஞ்சுக்காக வந்த அழுகை இல்லை.

ஒரு நாள் நான் கிணற்றடிக்குப் போனபோது அக்கா சாய்ப்பு வாசலில் உட்கார்ந்தபடியே, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, இது என்ன பாரேன் என்று காட்டினாள். கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தடிப்புகள், சிலது புதுசு, சிலது கறுத்துப்போன பழசு. கொசு என்று அவள் நினைத்திருந்தாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. வேறு வேலையாக ஊருக்குள் வந்திருந்த டாக்டரை வழிமறித்துக் கூட்டிவந்தேன்.

அவர் தடிப்பைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "ராத்திரி இங்க யாரு படுக்கறது?" என்று கேட்டார்.

"நான்தான் சார். வேற யாரு?"

அவருக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை என்று தெரிந்தது. ஸ்கூட்டர் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார். "அதுங்க பட்டினி எங்கம்மா கெடக்குது? கோழி இல்லாதப்போ இந்த உண்ணி மனுஷனையும் கடிக்கும். ரெண்டு வருஷமா நீங்கதான் சாப்பாடு போட்டுக்கிட்டு இருக்கீங்க" என்றார்.

அக்கா பாயைப் பார்த்தாள். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. சாய்ப்பில் இருந்தால் உண்ணி சாகாது, சாய்ப்பை விட்டுப் போனால் சாய்ப்பு இருக்காது. என்னுடையதாக இருந்தால் அன்றே நானே நெருப்பு வைத்திருப்பேன்.

அக்கா வேறு வழி கண்டுபிடித்தாள். தம்பி மனைவியிடம் மடக்கு இரும்புக் கட்டில் ஒன்றை வாங்கி, சாய்ப்புக்கு வெளியே, வாசலை அடைத்தாற்போல் போட்டாள். அதன் கால்கள் நான்கையும் தண்ணீரும் மண்ணெண்ணெயும் ஊற்றிய டப்பாக்களில் வைத்தாள். படுக்கை இனி அங்கே. உள்ளே போவதில்லை. யாரையும் உள்ளே விடுவதுமில்லை. தன் வீட்டுக்குத் தானே காவல்காரியானாள்.

ஐப்பசி வந்தது. நம் பக்கத்து மழையைச் சொல்ல வேண்டியதில்லை, கடலிலிருந்து நேராக அடிக்கும். அக்கா தலைக்குமேல் உரச்சாக்கைப் பிரித்துத் தைத்த தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கட்டிலில் குந்தியிருந்தாள். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. பிறகு ஒரு குடை. ஒரு மாலை தம்பி மனைவி பொறுக்க முடியாமல் இன்னொரு குடையை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றாள். நான் என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊரே பாக்குது. நான் இன்னாமோ உன்ன வெரட்டி வுட்டா மாதிரி கீது. எழுந்து வா, அண்ணி" என்றாள்.

"நீ வெரட்டல. எனக்குத் தெரியும்."

"அப்புறம் இன்னா? அவரு இடிக்க வந்தா நான் தடுக்கறேன். போதுமா?"

"தடுப்ப" என்றாள் அக்கா. "எத்தினி நாள் தடுப்ப?"

தம்பி மனைவி உள்ளே போவாள் என்று நினைத்தேன். அவள் குடையை மடக்கிவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் ஏறி உட்கார்ந்து, அக்காவின் குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் வைத்தது கருகும் வாசனை வரவும் அவள் எழுந்து ஓட வேண்டியதாயிற்று. எல்லோருக்கும் அடுப்பில் ஏதோ ஒன்று இருந்தது, அக்காவைத் தவிர.

அப்படி இரண்டு மழைக்காலம் போனது. அதற்கடுத்த கோடையில் ஓர் ஊதாக் குஞ்சு. ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. ஊதா நிறம் உதிர்ந்து அடியிலிருந்து வெள்ளை இறகு முளைத்தது. அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். கோழிகள் சந்தைக்குப் போன நாளிலிருந்து அவள் தெருப்பக்க வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. என் பையன் கையை நீட்டினான், குஞ்சு அவன் விரலைக் கொத்தியது, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அன்று பண்டிகை நாள் போல இருந்தது. கேசரி கிளறினேன்.

சாய்ப்புக்குள் மறுபடி கோழிகள் வந்தன. அன்று மாலை நான் பாயை எடுத்துக்கொண்டு போய், உள்ளே போய்ப் படுங்கள் அக்கா, ஜெயித்துவிட்டீர்கள் என்றேன்.

"இருக்கட்டும். முழுசா போச்சான்னு தெரியட்டும்" என்றாள். கட்டிலை நகர்த்தவில்லை. அடுத்த மாதம் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து, திருக்கழுக்குன்றத்தில் ஒரு விசேஷத்துக்கு வந்தவள் அங்கே எட்டிப் பார்த்தேன். ஊரே மாறியிருந்தது. ஷேர் ஆட்டோ வந்திருந்தது, எதிர்வீட்டில் மாடி எழும்பியிருந்தது. தம்பி எனக்குக் காப்பி கொடுத்து, மாடியில் கட்டிய புதுப் பாத்ரூமைப் பெருமையாகக் காட்டினார். "நீங்க கேட்டது" என்று சிரித்தார். சாய்ப்பு இருந்த இடத்தை அக்கா பெயருக்கே எழுதிக் கொடுத்து ரிஜிஸ்டரும் செய்துவிட்டாராம். பனங்கட்டைகளுக்குப் பதில் சிமெண்டுத் தூண், மேலே ஷீட். ஒவ்வொரு தூணாக, அக்கா கண்ணெதிரே மாற்றியது. தம்பி மனைவிதான் முதலில் அடைக்கோழி கேட்டாளாம். அதன்பின் மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். இப்போது கூடை கிடையாது, கேட்பவர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டுவருகிறார்கள். எந்தக் கோழியும் அதிலிருந்து எழுந்து வரவில்லை. எங்கே வைத்தாலும் உட்கார்ந்து பொரிக்கிறது.

அக்கா வாசலில் அதே இரும்புக் கட்டிலில் இருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. கட்டில் கால்களுக்கு அடியில் டப்பாக்கள் புதுசாக இருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் கோழிகள். இந்தப் பக்கம் பெருக்கி, கோலம் போட்டு, சுருட்டிய பாயும் தலையணையும். யாரும் படுக்காத பாய் என்று பார்த்தாலே தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. எழுதியே கொடுத்துவிட்டார்கள், உண்ணி செத்து எத்தனை வருஷம் ஆகிறது, இன்னும் ஏன் அக்கா வெளியே கிடக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவள் இதைப் பலரிடம் சொல்லியிருக்க வேண்டும், உடனே பதில் வந்தது. "நான் உள்ள போயிட்டா வாசல்ல யாரு இருக்கறது?"

நான் இருக்கிறேன் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் இங்கே உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் உள்ளே போய் ஒரு தூக்கம் தூங்குங்கள் என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு, நான் அவளைத் தெரிந்துகொண்ட அத்தனை வருஷத்தில் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். யாரும் கையைப் பிடித்து இழுக்காமல், அவளாகவே தன் இடத்தை இன்னொருத்திக்கு விட்டுக் கட்டிலிலிருந்து எழுந்தாள். குனிந்து உள்ளே போனாள். பாய் விரியும் சத்தம் கேட்டது.

நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். மத்தியான வெயில் முருங்கை இலை வழியாக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு கோழி கொக்கரித்தது.

"தங்கச்சி, கீறியா?" என்று குரல் வந்தது.

"இருக்கேன்கா."

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"கீறியா?"

"இங்கதான் இருக்கேன். தூங்குங்க."

இந்தத் தடவை மூச்சு சீராகக் கேட்டது. நான் அசையாமல் இருந்தேன், கால் மரத்துப்போனது. அப்போது மெயின் ரோட்டுப் பக்கமிருந்து பஸ் ஹாரன் கேட்டது. கல்பாக்கம் பஸ் இல்லை, வேறு ஏதோ. நான் என்னை அறியாமல் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். புடவை கசங்கவில்லை.

"நீ நல்லவதான்" என்றாள், என் தோளைத் தொட்டு. "போ. உனக்கு பஸ்ஸு கீது."

இல்லை அக்கா, இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். நான் எழுந்த இடத்தின் சூடு ஆறுவதற்குள் அவள் அதில் உட்கார்ந்துவிட்டாள்.